கிரீடம் வைத்த சிறுத்தை

ஏலம் தொடங்கக் கால் மணி நேரம் இருந்தபோது, அவளுடைய முன்னாள் கணவர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். குடையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு, பட்டியலைப் புரட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவளை உறுத்தியது. பெரிய வெள்ளித் தட்டுகளெல்லாம் நேற்றே போய்விட்டன. இன்று சில்லறைச் சாமான்கள். பழைய வெள்ளி வியாபாரத்தில் முப்பது வருஷம் ஊறிய மனுஷர், கொட்டுகிற மழையில் இதற்கா வருவார்?

அந்த ஏலக்கூடத்தில் வெள்ளி மதிப்பீடு அவள் பொறுப்பு. ஒரு சாமான் எந்த வருஷத்தது என்று அவள் போட்டதை இதுவரை யாரும் மாற்றியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. நேராக அவரிடம் போனாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"சும்மா, வேடிக்கை பாக்க."

"நீங்க? சும்மா?"

அவர் சிரித்தார். ஆனால் கண் ஒரு நொடி கண்ணாடி அலமாரியின் இரண்டாம் தட்டுக்குப் போய்த் திரும்பியது. பதினாறு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த ஒரு நொடி போதும்.

அங்கே இருந்தது ஒரே ஒரு பரிமாறும் கரண்டி. ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் கொண்டுவந்தது. கடைசிவரை அவர் பார்த்துக்கொண்ட நோயாளி கொடுத்துவிட்டுப் போனதாம். அவள் அதை உள்ளறை ஜன்னலோரம் எடுத்துப்போய்ச் சாய்த்துப் பிடித்தாள். காம்பின் பின்னால் ஆங்கிலேய முத்திரைகள் வரிசையாக இருந்தன. நடக்கும் சிங்கம் என்றால் வெள்ளி சுத்தம். சின்ன 'எம்' எழுத்து வருஷத்தைச் சொல்லும். வம்பு அங்கேதான். இருபது வருஷம் சின்ன எழுத்து, இருபது வருஷம் பெரிய எழுத்து, பிறகு சுற்று மறுபடி தொடங்கும். அதே எழுத்து 1787-க்கும் உண்டு, 1827-க்கும் உண்டு. எது என்று சொல்ல வேண்டியது பக்கத்திலிருக்கும் சிறுத்தைத் தலை. 1821 வரை அதற்குக் கிரீடம் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். இது வெறுந்தலை என்று பார்த்து, 1827 என்று எழுதியிருந்தாள்.

லென்ஸை வைத்து, வெள்ளிமேல் மூச்சை ஊதினாள். ஆவி படர்ந்து விலகும்போது, சிறுத்தையின் காதுகளுக்கு மேலே, தேய்த்துத் தேய்த்து மழுங்கிய மூன்று முனைகள் தெரிந்தன.

"அட, கிரீடத்தோடதான் இருக்கே!"

நாற்பது வருஷம் பின்னால் போனதும், பக்கத்தில் குத்தியிருந்த, செய்தவரின் பெயருக்கான இரண்டெழுத்தும் வேறு ஆளைக் காட்டியது. அவர் கையால் செய்த வெள்ளியை ஆட்கள் தேடி அலைகிறார்கள்.

விஷயத்தைக் கேட்ட மேனேஜர் தயங்கினார். "அச்சடிச்ச பட்டியல்ல உங்க பேரு இருக்கு மேடம். இன்னிக்கு இதை ஏலத்துலேருந்து சத்தமில்லாம எடுத்துடலாமே?"

"என் பேரு இருக்கறதாலதான் நானே சொல்லப் போறேன்."

மைக் முன்னால் போய் நின்றாள். "இந்தக் கரண்டிக்கு நான் போட்ட வருஷம் தப்பு. 1827 இல்ல, 1787." செய்தவர் யார் என்பதையும் சொன்னாள். கூடம் சலசலத்தது.

பின்வரிசையிலிருந்து நர்ஸம்மா எழுந்தார். "ஏம்மா, இது நல்ல தப்பா, கெட்ட தப்பா?"

"உங்களுக்கு நல்ல தப்புதாம்மா."

எல்லாரும் சிரித்தார்கள். முன்னாள் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அவளைப் பார்த்தார், மெல்லத் தலையாட்டினார், பிறகு ஏலம் தொடங்கியதும் விலை கேட்க முதல் ஆளாக அட்டையைத் தூக்கினார். அவருக்குப் பின்னால் இன்னொரு அட்டை. போனில் ஒருவர். சுவரோரம் இரண்டு பேர். அவள் உட்காராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எங்கும் கைகள் உயர்வதைப் பார்த்து நர்ஸம்மாவும் உற்சாகத்தில் தன் கையைத் தூக்க, பக்கத்து நாற்காலிக்காரர் பதறிப்போய் அதைப் பிடித்து மடியில் அழுத்தினார்.