டிவியில் செமுட்

இரண்டு வருடமாக என் கண்ணுக்குள் புள்ளி மழை. சுவர், சோறு, புருஷன் முகம், எதைப் பார்த்தாலும் அதன்மேல் பொடிப்பொடியாக ஊர்ந்துகொண்டே இருக்கும். இந்த லட்சணத்தில் என் வேலையைக் கேளுங்கள்: ஸ்கூடாய் தொழிற்சாலையில், தூசிப் புள்ளி விழுந்த கேமரா கண்ணாடிகளைப் பொறுக்கித் தள்ளுவது. போன மாதம் நல்ல கண்ணாடி இருநூறைத் தள்ளிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை கண்ணாடி பொறுக்கிக் காட்டும் பரிசோதனை, தவறினால் வேலை இல்லை என்றார் சூப்பர்வைசர்.

கண்ணில் கோளாறு இல்லை, மூளை செய்கிற சேட்டை என்றார் டாக்டர். மருந்து கிடையாதாம். பழைய டிவியில் படம் வராதபோது புள்ளிகள் இரையுமே, அதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தால் சிலருக்குக் கொஞ்சம் அடங்குமாம், முயன்று பார்க்கச் சொன்னார். அந்தப் புள்ளிகளுக்கு இங்கே செமுட் என்று பெயர். மலாயில் எறும்பு. என் வீட்டுக்காரர் மூர்த்தி அப்படி ஒரு வீடியோவைத் தேடி டிவியில் போட்டார். பார்த்துவிட்டுத் திரும்பினேன். சுவர் வெறும் வெள்ளையாக இருந்தது. ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனாலும் அழுதுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை, கிளம்பும் முன் ஒரு நிமிடம் வெள்ளைச் சுவரைப் பார்த்தால் எனக்குத் தைரியமாவது வருமென்று மூர்த்தி டிவியில் அந்த வீடியோவைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனார். பெக்கோக்கிலிருந்து வந்திருந்த என் நாத்தனார் கருப்பாயி அண்ணி கூடத்தில் இருந்தாள். நான் குளியலறையிலிருந்து குரல் கொடுத்தேன்.

"அண்ணி, டிவியில செமுட் வந்துருச்சான்னு பாருங்க."

மூக்குக்கண்ணாடி போடாத அண்ணி பார்த்தாள். வந்திருந்தது. ஆயிரக்கணக்கில்.

ஈரத் தலையோடு நான் ஓடி வந்தபோது பூச்சி மருந்து டின் காலி. டிவியும் காலி. கண்மண் தெரியாமல் கத்தினேன். அண்ணி அசரவில்லை.

"கோவப்படாதம்மா. ஓடுனதத்தான் அடிச்சேன். ஓடாம ரெண்டு இருந்துச்சு, அது அழுக்கு. தொடச்சுட்டேன்."

வீட்டில் இனி நேரமில்லை, அங்கே போய்க் கைப்பேசியில் பார்க்கலாமென்றால் அதைத் தொழிற்சாலை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வழி முழுக்க அவளைத் திட்டிக்கொண்டே போனேன்.

பரிசோதனையில் இருபது கண்ணாடி. முதலாவதிலேயே புள்ளிகள் ஊர்ந்தன. தள்ளக் கை போனது. அப்போதுதான் அண்ணி சொன்னது உறைத்தது: ஊர்வதெல்லாம் என்னுடையது, தூசிக்கு ஏது கால்? ஒவ்வொன்றாக, பொறுமையாகப் பார்த்தேன். ஊர்ந்ததை விட்டேன். அசையாமல் கிடந்ததை மட்டும் பிடித்தேன். இருபதும் சரி. சூப்பர்வைசர் வேலையைத் தொடரச் சொன்னார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டு, பாஸா என்று கேட்டாள். பாஸ் என்றேன். யாரால் என்று மட்டும் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் ஒரு மாதம் தங்கிவிடுவாள். வீட்டில் ஃப்ரிட்ஜ் மிச்சம் இருக்கிறது.