இருபத்துநாலாவது கை

அந்தக் குடியிருப்பில் செயலாளர் பதவிக்கு யாரும் ஆசைப்பட மாட்டார்கள். தண்ணீர் வராவிட்டாலும் திட்டு, வந்து வழிந்தாலும் திட்டு. எக்ஸ்ரே அக்கா மட்டும் போன வருஷம் வலியப் போய் அதைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை அவளுக்கு. நாள் முழுக்க "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிச் சொல்லியே குரல் கறாராகிவிட்டது. இவளுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை என்று எல்லோரும் கேட்டார்கள். காரணம் அவளுக்குத் தெரியும். தேர்தல் சார் என்றாவது ஒருநாள் சிக்குவார், அன்றைக்குத் தீர்மான நோட்டு தன் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

தேர்தல் சார் உத்தியோகக் காலம் முழுவதும் தேர்தல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சங்கத் தலைவராக இருந்தபோது எதற்கெடுத்தாலும் ஓட்டு. சுவருக்கு என்ன நிறம், ஓட்டு. மொட்டை மாடிச் சாவி யாரிடம், ஓட்டு. பதினாலாவது விதியும் அவர் கொண்டுவந்ததுதான். மற்றவர்களுக்குத் தொல்லையாக இருக்கும் ஒருவர் வெளியேற வேண்டும் என்று கூட்டத்தில் இருபத்துநாலு கை எழுந்தால், அவர் மூட்டை கட்டத்தான் வேண்டும்.

முதலில் அதில் மாட்டியது அக்காவின் தம்பி. நாற்பது வயது ஆள், மனசுக்கு எட்டு வயசு. அவன் செய்த குற்றம் இதுதான்: தினமும் காலையிலிருந்து லிஃப்டுக்குள் நின்றுகொண்டு, ஏறுகிறவர்களுக்கெல்லாம் பொத்தானை அமுக்கிக் கொடுத்தான். யாருக்கு எந்த மாடி என்பது அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். சிலருக்கு அது பயமாக இருந்ததாம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்த அந்தக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று கேட்டாள். "என் தம்பி என் வீட்டுல இருக்கலாமா வேணாமான்னு நீங்க எப்படிங்க கை தூக்குவீங்க? இது என்ன சுவத்துக்கு அடிக்கிற பெயின்டா?"

தேர்தல் சார் சிரித்தார். பெரும்பான்மைக்கு மேலே ஒன்றும் கிடையாது என்றார். கைகள் எழுந்தன. எண்ணினால் இருபத்துமூன்று. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, எல்லோரும் தூக்குகிறார்களே என்று முகமெல்லாம் சிரிப்பாகத் தானும் கையைத் தூக்கினான். "இருபத்துநாலு" என்றார் தேர்தல் சார். எதற்குத் தூக்குகிறோம் என்றே அவனுக்குத் தெரியாது என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். அவனும் இங்கே குடியிருப்பவன், கை என்றால் கைதான் என்று சொல்லி அவர் நோட்டில் எழுதிவிட்டார்.

அவள் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த பராமரிப்பு இல்லம் ஒரே தளம். அங்கே லிஃப்ட் கிடையாது. நாலாம் மாதம் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தான். கடைசியாக அவன் நெஞ்சைப் படம் எடுத்ததும் அவள்தான். அசையாதே என்று சொன்னதற்கு, சமர்த்தாக அசையாமல் நின்றான்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கட்டடத்தில் கறுவிக்கொண்டே வாழ்ந்தாள். வேறு எப்படிச் சொல்வது? தேர்தல் சார் எதிரே வந்தால் வணக்கம் சொல்வாள், மனசுக்குள் நாசமாய்ப் போ என்பாள்.

இந்த வருஷம் தேர்தல் சாரின் மனைவிக்கு ஞாபகம் கழன்றுபோயிற்று. தலைவர் பதவியை விட்டுவிட்டு அவர் அந்தம்மா பின்னாலேயே அலைந்தார். அப்படியும் அந்தம்மா பட்டப்பகலில் எல்லா வீட்டு அழைப்பு மணியையும் அடித்தார்கள், திறந்திருந்த வீடுகளுக்குள் போய்ப் படுத்தார்கள். போன மாதம் மூன்றாம் மாடியில் தீயணைப்புக் குழாயைத் திறந்துவிட்டதில் லிஃப்டுக்குள் தண்ணீர் இறங்கி அது ஒரு வாரம் ஓடவில்லை. புகார்க் கடிதங்கள் குவிந்தன. அக்கா பழைய நோட்டை எடுத்து, தம்பிக்கு வந்த அதே அறிவிப்பை ஒரு வார்த்தை மாற்றாமல் தட்டச்சு செய்தாள். வீட்டு எண்ணை மட்டும் மாற்றினாள்.

மறுநாள் மத்தியானம் அந்தக் காகிதத்தோடு தேர்தல் சார் அவள் வாசலில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"எங்கேம்மா போவா அவ? என் முகத்தைத் தவிர வேற எதுவும் அவளுக்கு அடையாளம் தெரியல. அவ வீட்டுல அவ இருக்கறதுக்கு அடுத்தவங்க சம்மதம் எதுக்கும்மா?"

"இதை நீங்க மூணு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கணும் சார்," என்றாள். "ஓட்டுக்கு விட்டுடலாம்."

கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தவள், ரொம்ப நாளைக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டாள்.

வண்டி நிறுத்தும் இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் கூட்டம் கூடியது. தனியே விட்டுவர முடியாததால் தேர்தல் சார் மனைவியையும் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அக்கா விதியை வாசித்தாள். போக வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றாள். முதல் கை அவளுடையது. தேர்தல் சார் தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணினாள். இருபத்துமூன்று. மறுபடி எண்ணினாள். அதே இருபத்துமூன்று. நழுவிய அந்த ஒன்று யாருடையது என்று வரிசை வரிசையாகத் தேடினாள். அப்போதுதான் அந்தம்மா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, சிரித்தபடி தன் கையையும் தூக்கினார்கள். மெலிந்த கையில் கடிகாரம் முழங்கைவரை சரிந்தது.

இருபத்துநாலு. சொல் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. தேர்தல் சார் பதறி எழுந்தார்.

"அவளுக்கு எதுக்குத் தூக்கறோம்னே தெரியாதும்மா. அந்தக் கையை எண்ணாதீங்க."

கூட்டமே அவளைப் பார்த்தது. எழுதப் பேனாவை எடுத்தவள் அந்தக் கையைப் பார்த்தாள். இந்தக் கையை எண்ணினால் அன்றைக்கு அந்தக் கையை எண்ணியதும் சரி. இவரைத் துரத்தலாம், ஆனால் இவர் அன்று செய்தது நியாயம் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று வருஷமாக வளர்த்த பழிக்குத் தம்பியே குறுக்கே நிற்கிறானே என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"எந்தக் கையை எண்ணக் கூடாது சார்?"

"என் மனைவியோடதை."

"அதை மட்டுமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

"உங்க தம்பியோடதையும்," என்றார்.

"பின்வரிசைக்குக் கேக்கல."

"உங்க தம்பி கையை நான் எண்ணியிருக்கக் கூடாது."

அவள் நோட்டில் பழைய பக்கத்தைத் திருப்பி, பேனாவை அவரிடம் நீட்டினாள். இருபத்துநாலை அடித்து இருபத்துமூன்று என்று எழுதச் சொன்னாள். எண்ணால் எழுதினார். எழுத்தாலும் எழுதச் சொன்னாள். தீர்மானம் தோற்றது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார். பிறகு அவள் இன்றைய பக்கத்திலும் அதையே எழுதினாள். அப்படியே முன்பக்கம் போய்ப் பதினாலாவது விதியின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள்.

"இதுக்கு ஓட்டு எடுக்க வேணாமா?" என்றார் பின்னாலிருந்து முதல் மாடித் தையல்காரர்.

"வேணாம்," என்றாள்.

நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். அந்தம்மாவின் கை இன்னும் இறங்கவில்லை. தேர்தல் சார் அதை மெதுவாக இறக்கிவிட்டு லிஃப்டுக்குக் கூட்டிப் போனார். உள்ளே ஏறியவர் கண் கலங்கி அவளைப் பார்த்துக் கும்பிட்டார். நீங்கள்தான் எங்களைக் காப்பாற்றினீர்கள் என்றார்.

அவள் காலை வைத்து லிஃப்ட் கதவைத் தடுத்தாள்.

"நன்றியெல்லாம் வேணாம் சார். நீங்க தலையைக் குனிஞ்சிட்டிருந்தீங்க, பாக்கல. அந்த இருபத்துமூணுல முதல் கை என்னோடது."

சொல்லிவிட்டு, உள்ளே கையை நீட்டி அவர்களுடைய நாலாம் மாடிப் பொத்தானை அவளே அமுக்கினாள். கதவு மூடியதும் படியேறிப் போனாள்.