அணுகுண்டு இல்லாத கேள்வி

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் இன்னும் திறக்காத வாரம். தாயில்பட்டி சமுதாயக்கூடத்தில் இருபத்தெட்டு என்கிற சீட்டாட்டப் போட்டி வைத்திருந்தார்கள். பந்தயம் கிடையாது. ஜெயிக்கிற ஜோடிக்கு ஆளுக்கொரு பிரஷர் குக்கர். மாரித்தாயும் மூக்கம்மாளும் பேர் கொடுக்கப் போனபோது, எழுதிக்கொண்டிருந்த பெத்தணன் நிமிர்ந்து பார்த்தான்.

"எக்கா, இது கோலப் போட்டி இல்ல. சீட்டு."

"தெரியும்லே. எழுது" என்றாள் மாரித்தாய்.

அந்த ஊரில் பொம்பளைகள் சபையில் உட்கார்ந்து சீட்டைத் தொட்டதில்லை. ஆனால் மாரித்தாயும் மூக்கம்மாளும் ஒரே கம்பெனியில் பாக்கெட் போடுகிறவர்கள். வேலைக்குப் போகும் வேனில், கடைசி சீட்டில், மடியில் துண்டை விரித்துப் போட்டு வருசக்கணக்கில் ஆடி வந்தவர்கள். முதல் சுற்றிலேயே மாரித்தாயின் புருசன் நாகையாவின் ஜோடியை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாகையா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் இவர்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் தெருவையே கூட்டிக்கொண்டு திரும்பி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

எதிரே உட்கார்ந்த ஜோடி காசிராஜனும் பெத்தணனும். காசிராஜன் அந்தக் கம்பெனி வேன் டிரைவர். நடுவர் அப்துல் ஹக்கீம். விருதுநகரில் காகித வியாபாரம். அட்டை லோடு கொண்டு வந்து வந்து ஊருக்குப் பழக்கமானவர். அவர் மைக்கைப் பிடித்தால் சின்னச் சத்தத்துக்கும் கணக்குக் கேட்பார் என்று எல்லோரும் சொல்வார்கள்.

மூன்று ஆட்டத்தில் ரெண்டு ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் பெண்களுக்குப் போனது. சீட்டைக் கலைக்க எடுத்தபோது காசிராஜன் கையைத் தூக்கினான்.

"பாய், இது சரியில்ல. இவுக ரெண்டு பேரும் சங்கேதம் பேசுதாக."

"என்ன சங்கேதம்?"

"சீட்டப் போடும்போது நாங்க ஜாக்கி, ஆசுன்னு சொல்லிப் போடுதோம். இவுக புஸ்வாணம், நமத்ததுன்னு சொல்லிப் போடுதாக. வேன்ல தினமும் பின்னாடி இதே சத்தந்தான். எனக்கு ஒரு எளவும் வெளங்காது. கூட்டாளிக்குக் கையில என்ன இருக்குன்னு சொல்லுதாக."

கூட்டம் சலசலத்தது. மூக்கம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. ஜெயித்ததைத் திருட்டாக்கிவிட்டானே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

ஹக்கீம் யோசித்தார். "போட்ட சீட்டுக்குப் பேர் சொல்றது தப்பில்ல. ஆனா அந்தப் பேர் நாலு பேருக்கும் தெரியணும். மாரித்தாய், ஒண்ணு எல்லாரும் சொல்ற பேரச் சொல்லுங்க. இல்லைன்னா உங்க பேருக்கெல்லாம் இங்கனயே அர்த்தம் சொல்லிருங்க."

"சொல்லுதேன் பாய்" என்று மாரித்தாய் எழுந்து நின்றாள். மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லை. கொஞ்சம் தள்ளியே வைத்துப் பேசினாள்.

"ஜாக்கிக்கு மூணு புள்ளி. அதுக்கு மேல சீட்டு இல்ல. அது அணுகுண்டு. ஒம்பதுக்கு ரெண்டு புள்ளி, அது லட்சுமி வெடி. ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொரு புள்ளி, அது ரெண்டும் குருவி வெடி."

"ராஜா?" என்றது ஒரு குரல்.

"புஸ்வாணம். ஒசரமா நிக்கும், வெடிக்காது. ராணி சங்குசக்கரம், சுத்திட்டு நின்னுரும். ஏழும் எட்டும் நமத்தது."

முன்வரிசையில் சிரிப்பு கிளம்பிக் கடைசி வரை போனது. பெத்தணன்கூடச் சிரித்துவிட்டான்.

"அப்ப துருப்பு?"

"அதான் திரி. இத்தன புள்ளி பிடிப்பேன்னு கூடுதலாக் கேள்வி கேட்டவ ஒரு சீட்டக் கவுத்தி ஒளிச்சு வைக்காள்ல. அது கிளாவரோ இஸ்பேடோ, அந்த இனந்தான் துருப்பு, மத்த இனத்தையெல்லாம் வெட்டும். எதுன்னு அவளத் தவுர யாருக்கும் தெரியாது. போட்ட இனம் கையில இல்லாதவ கேட்டாத்தான் தொறக்கணும். நீங்க துருப்பக் காட்டும்பீக. நாங்க திரியக் காட்டும்போம். அம்புட்டுத்தான். இதுல என்ன களவு இருக்கு?"

"ஒண்ணும் இல்ல" என்றார் ஹக்கீம். "ஆட்டம் நடக்கட்டும்."

ஆனால் ரெண்டாவது ஆட்டத்தில் அவர்களுக்குக் கை ஓடவில்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் கூட்டம் முந்திக்கொண்டு பேர் சொன்னது. எதைச் சொன்னாலும் குற்றமாகுமோ என்று மூக்கம்மாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டாமல் விட்டாள். ஆட்டம் காசிராஜனுக்குப் போனது.

"நீ பாட்டுக்கு வேன்ல ஆடுத மாதிரி ஆடு" என்றாள் மாரித்தாய். "களவாண்டிருந்தாத்தான் பயப்படணும்."

மூன்றாவது ஆட்டம். முதல் நாலு சீட்டு கைக்கு வந்தது. மாரித்தாய் விரித்துப் பார்த்தாள். நாலும் கிளாவர். ஒன்பது, ஆசு, பத்து, ஏழு. ஜாக்கி மட்டும் இல்லை.

காசிராஜன் பதினெட்டு கேட்டான். மூக்கம்மாள் தலையாட்டி விட்டுக்கொடுத்தாள். பெத்தணன் பத்தொன்பது என்றான்.

"இருபது" என்றாள் மாரித்தாய்.

இருபது கேட்டால் மொத்தம் உள்ள இருபத்தெட்டுப் புள்ளியில் இருபதைப் பிடித்தாக வேண்டும். எதிரிகள் ஒன்பது எடுத்துவிட்டால் தோல்வி. கிளாவர் ஜாக்கி எதிரி கையில் இருந்தால் அத்தனையும் வீண். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. மாரித்தாய் கிளாவர் ஏழைக் கவிழ்த்து வைத்தாள். அடுத்த நாலு சீட்டு வந்தது. அதிலும் அந்த ஜாக்கி இல்லை.

நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போட்டால் ஒரு பிடி. முதல் மூன்று பிடியில் ரெண்டு எதிரிகளுக்குப் போனது. ஹக்கீம் எண்ணிச் சொன்னார்: காசிராஜன் பக்கம் ஏழு புள்ளி. இன்னும் ரெண்டு சேர்ந்தால் முடிந்தது. நாகையா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

நாலாவது பிடிக்குக் காசிராஜன்தான் முதல் சீட்டை இறக்க வேண்டும். அவன் சிரித்துக்கொண்டே இஸ்பேடு ஜாக்கியை ஓங்கிப் போட்டான்.

"இந்தா, ஒங்க அணுகுண்டு."

கூட்டம் ஓவென்றது. இதை அவன் பிடித்தால் பத்து புள்ளி. எல்லோரும் மூக்கம்மாளைப் பார்த்தார்கள். அவள் சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். கையில் இஸ்பேடு ஒன்றுகூட இல்லை.

"யக்கா" என்றாள், தெளிவான குரலில். "திரியக் காட்டு."

மாரித்தாய் கவிழ்த்த சீட்டைத் திருப்பினாள். கிளாவர் ஏழு.

"நமத்தது" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பெத்தணன் கண்ணை மூடித் திறந்தான். ஏழை வைத்துக்கொண்டா இருபது கேட்டாள் என்று ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். மாரித்தாய் மூக்கம்மாளின் விரல்களையே பார்த்தாள். மூக்கம்மாள் கையில் கிளாவர் இருக்க வேண்டும். இருந்தாலும் நல்ல கிளாவராக இருக்க வேண்டும்.

மூக்கம்மாள் ஒரு சீட்டை உருவி, காசிராஜனின் ஜாக்கி மேலேயே மெதுவாக வைத்தாள். கிளாவர் ஜாக்கி.

"இது எங்க அணுகுண்டு" என்றாள்.

கூடம் அதிர்ந்தது. பெத்தணன் கையில் இஸ்பேடு ஒன்றே ஒன்று இருந்தது, பத்து. இனம் இருக்கும்போது வேறு போட முடியாது. முணுமுணுத்துக்கொண்டே போட்டான்: "குருவி வெடி." சொன்ன பிறகுதான் தன் வாயில் என்ன வந்தது என்று அவனுக்கே தெரிந்தது. மாரித்தாய் இஸ்பேடு எட்டைத் தள்ளினாள். ஒரே பிடியில் ஏழு புள்ளி.

அதற்கப்புறம் காசிராஜனுக்கு வழியில்லை. மூக்கம்மாள் கிளாவர் ராஜாவை இறக்கினாள். அதன்மேல் மாரித்தாயின் லட்சுமி வெடி விழுந்தது. பிறகு குருவி வெடி ரெண்டும். எதிரிகளிடம் இருந்த கிளாவர் எல்லாம் தீர்ந்துபோனது. ஒவ்வொரு சீட்டுக்கும் பேர் சொன்னது கூட்டம்தான். ஹக்கீமும் மைக்கில் சேர்ந்துகொண்டார். கடைசி வரை அந்த ஏழு புள்ளிக்கு மேல் காசிராஜனால் ஒன்றும் சேர்க்க முடியவில்லை.

"இருபது கேட்டாங்க. இருபத்தொண்ணு எடுத்துட்டாங்க" என்று ஹக்கீம் அறிவித்தார்.

மூக்கம்மாள் அழுதுகொண்டே சிரித்தாள். நாகையா மேடைக்கு ஓடி வந்து, யாரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல், ரெண்டு குக்கரையும் தானே தூக்கி வைத்துக்கொண்டார்.

கூட்டம் கலைகிறபோது காசிராஜன் மாரித்தாயிடம் வந்தான்.

"எக்கா, நெசத்தச் சொல்லுங்க. ஜாக்கி மூக்கம்மாட்ட இருக்குன்னு எப்படித் தெரிஞ்சது?"

"தெரியாதுலே."

"தெரியாமலா இருபது கேட்டீக?"

"இருக்கும்னு தோணுச்சு. இல்லாட்டித் தோத்திருப்பேன். அம்புட்டுத்தான்."

அவன் தலையைச் சொறிந்தான்.

"ஏழாயிரம்பண்ணையில அடுத்த ஞாயித்துக்கிழமை போட்டி வைக்காக. பெரிய பெரிய கையெல்லாம் வரும். நான் வண்டி எடுக்கேன். ரெண்டு பேரும் வாரீகளா?"

மாரித்தாய் திரும்பி மூக்கம்மாளைப் பார்த்தாள். மூக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எத்தன மணிக்குக் கெளம்பணும்னு கேளுங்கக்கா" என்றாள்.