திரையில் எழுபத்திரண்டு

ராபியா நாடி பார்க்க எடுக்கும் ஒரு நிமிடம், அகிலாண்டம் மாமியிடம் மட்டும் ஐந்து நிமிடமாக நீளும். செம்பூரில் அவள் நர்ஸாக இருந்த சின்ன ஆஸ்பத்திரியில், இருதய நோயாளிகளின் அறையில், தினமும் இதுதான் கூத்து.

"எண்ணறியா, இல்லே நான் சொல்றதைக் கேக்கறியா?"

"ரெண்டுந்தான் மாமி. நாப்பது வரைக்கும் எண்ணிட்டேன், அதுக்குள்ள நீங்க சம்பந்தி கதைய எடுத்துட்டிய."

"அப்போ விட்டுப்போச்சு. முதல்லேர்ந்து எண்ணு."

மாமிக்கு மாட்டுங்காவில் வீடு. ஒரே மகன் சுந்தரராமன் பரோடாவில். இதயத்தைத் தட்டி ஓடவைக்கும் பேஸ்மேக்கரை நெஞ்சுத் தோலுக்குள் வைத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ராபியாவுக்குத் தாராவியில் ஒற்றை அறை. புருஷன் காசிம் துபாய்க்குப் போய் ஆறு வருஷம். கடிதம் நின்று மூன்று வருஷம். அந்த ஐந்து நிமிடம் யாருக்கு வேண்டியிருக்கிறது என்று கேட்டால், இருவருமே மற்றவரைத்தான் கைகாட்டியிருப்பார்கள்.

அது எண்பத்தேழாம் வருஷம். அந்த வாரம்தான் மானிட்டர் வந்து சேர்ந்தது. கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நர்ஸ் மேஜையில் திரை. அதில் பச்சைக் கோடு ஓடும், ஓரத்தில் நாடியின் எண் தெரியும். இனி உள்ளே போய்க் கையைப் பிடிக்க வேண்டாம், மணிக்கு ஒருமுறை எண்ணைப் பார்த்து எழுதினால் போதும் என்று டாக்டர் ஹிந்தியில் சொல்லிவிட்டார். இரண்டு நர்ஸ் பார்த்த வேலைக்கு ஒருத்தி போதும் என்றும் ஆகிவிட்டது.

மத்தியானம் மாத்திரை கொடுக்கப் போனபோது மாமி பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, எட்டியே பாக்க மாட்டேங்கறே?"

"வெளிய உக்காந்து பாத்துக்கிட்டேதான இருக்கேன். உங்க நெஞ்சு டிவில ஓடுது மாமி."

"நீ பாக்கறது எனக்கு எப்படித் தெரியும்? கையைப் பிடி."

"டாக்டர் ஏசுவாரு. மூணு மணிக்கு வாரேன்."

"வருவியா?"

"வாரேன்னு சொன்னா வருவேன்."

மூன்று மணிக்கு டாக்டர் மேஜையருகே நின்று, இன்னொரு நோயாளியின் வீட்டாருக்கு மானிட்டரைக் காட்டிக்கொண்டிருந்தார். ராபியா எழுந்தாள்.

"கிதர் சிஸ்டர்? எங்கே?"

"அகிலாண்டம் மாமிகிட்ட சார்."

"பைட்டோ. எல்லாம் இங்கேயே தெரியுதே."

உட்கார்ந்துவிட்டாள். திரையில் எழுபத்திரண்டு. எழுதினாள். கண்ணாடிக்கு அப்பால் மாமி கண்மூடிப் படுத்திருந்தாள். தூங்கட்டும் என்று நினைத்தாள். டாக்டர் அந்தப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார். நான்கு மணிக்கும் எழுபத்திரண்டு. அதையும் எழுதினாள்.

டாக்டர் தன் அறைக்குப் போனதும் உள்ளே நுழைந்து மாமியின் மணிக்கட்டைப் பிடித்தாள். சில்லிட்டிருந்தது. விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். கழுத்தில் தொட்டுப் பார்த்தாள். எங்கும் துடிப்பு இல்லை.

டாக்டர் ஓடி வந்து என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் கையை எடுத்துவிட்டார். வெளியே திரையில் எழுபத்திரண்டு அப்படியே நின்றது.

"இன்னும் ஓடுதே சார்?"

டாக்டர் மெதுவாகச் சொன்னார். பேஸ்மேக்கர் நிமிடத்துக்கு எழுபத்திரண்டு முறை தட்டும். மெஷின் அந்தத் தட்டலைத்தான் எண்ணியிருக்கிறது. உள்ளே இதயம் நின்றுபோனது அதற்குத் தெரியவில்லை.

"எப்ப நின்னுது சார்?"

அவர் அவள் எழுதிவைத்த தாளை எடுத்துப் பார்த்தார். மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் ஒரே எண்.

செய்தி போய், ஆறு மணிக்குப் பரோடாவிலிருந்து மகனின் டிரங்க் கால் வந்தது. ராபியா எடுத்தாள். இறந்தது நான்கு மணிக்கு என்று சொல்லும்படி டாக்டர் நான்கு விரல் காட்டினார்.

"அம்மா எத்தனை மணிக்குப் போனா சிஸ்டர்?"

"தெரியல சார்."

"பக்கத்துல யாரு இருந்தா?"

டாக்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். ராபியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"யாரும் இல்ல சார். மூணு மணிக்கு வாரேன்னு அவங்ககிட்ட சொன்னேன். போவல. வெளிய உக்காந்து மெஷினப் பாத்து எழுபத்திரண்டு, எழுபத்திரண்டுன்னு எழுதிக்கிட்டு இருந்தேன்."

டிரங்க் காலின் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது, கட் பண்ணட்டுமா என்று ஆபரேட்டர் நடுவில் புகுந்து கேட்டாள்.

"வேண்டாம்" என்றான் சுந்தரராமன். ராபியாவிடம், "சிஸ்டர், லைன்ல இருங்கோ" என்றான்.

அதற்குப் பிறகு அவன் மூச்சு மட்டும் கேட்டது. ராபியா ரிசீவரைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றாள்.