சாம்பல் நிற ஹூடி

பஞ்சு சுற்றிய குச்சியைத் தண்ணீரில் நனைத்து அம்மாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது ரோஷெலின் போன் அதிர்ந்தது. பல்கலைக்கழகக் காவல் பிரிவின் சார்ஜெண்ட் ப்ரூயட்.

"எடுக்காத," என்றாள் பெர்னிஸ் சித்தி. "ஒரு நாள் நீ இல்லாம உங்க ஆபீஸ் ஓடாதா?"

எடுத்துத்தான் ஆகவேண்டும். வளாகத்தில் ஆபத்தான குற்றம் ஏதும் நடந்தால் மறைக்காமல், தாமதிக்காமல் எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்பவேண்டும் என்பது சட்டம். அந்த எச்சரிக்கையை எழுதி அனுப்புவது ரோஷெலின் வேலை. அவளுக்குப் பதிலாகச் செய்யக்கூடிய ஒரே பெண் பிரசவ விடுப்பில் இருந்தாள்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "கெல்வினா?"

"இல்லம்மா. தம்பி வந்துட்டே இருக்கான்."

"என் முடி?"

"அதை எடுத்துட்டுத்தான் வர்றான்."

புற்றுநோய் மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போனதிலிருந்து அம்மா எர்லீன் விக் இல்லாமல் யார் முன்னும் உட்கார்ந்ததில்லை. இதே பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் மாணவர்களுக்குப் பரிமாறிய காலத்திலும், தலையில் வலை கட்டுவதற்குமுன் முடியைச் சுருட்டி அழகு பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். இன்றைய பொழுது தாண்டாது என்று டாக்டர் காலையில் சொன்னபிறகு, "பாஸ்டர் ஜெபம் பண்ண வர்றப்போ நான் வேகவச்ச முட்டை மாதிரி கிடக்கணுமா?" என்றாள். கெல்வின் அழுதுகொண்டே சிரித்துவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

ரோஷெல் மருத்துவமனை வராந்தாவுக்கு வந்து பேசினாள்.

"நூலகத்துக்குப் பின்னாடி," என்றார் ப்ரூயட். "ஒரு மாணவியைப் பிடிச்சு இழுத்திருக்கான். உதறிட்டு ஓடி வந்துட்டா."

"பொண்ணு எப்படி இருக்கா?"

"நடுங்குறா. பேச்சே வரல. மாடி ஜன்னல்லேர்ந்து ஒருத்தர் பார்த்திருக்கார். கறுப்பு ஆளு, இளவயசு, சாம்பல் ஹூடி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

இவ்வளவுதான் தெரியும் என்றால் ஆளின் அடையாளத்தைப் போடக்கூடாது. அந்த விதியே கறுப்பினத்தவளான ரோஷெல் வாதாடி வாங்கியது. 'நம்ம கால்பந்து அணியில பாதிப் பேர் இப்படித்தான் இருப்பாங்க' என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லி, பெரிய பதவிக்காரர்களின் முகச்சுளிப்பைத் தாங்கி வாங்கியது.

"போடு ரோஷெல்," என்றார் ப்ரூயட். "அவன் இன்னொருத்தி மேல கை வச்சான்னா? தெரிஞ்சும் மறைச்சோம்னு ஆயிடும்."

உள்ளிருந்து சித்தி கத்தினாள். "ரோஷெல்! மூச்சு ஒரு மாதிரி இழுக்குதுடி!"

"போடறேன்," என்றாள். சுவரில் சாய்ந்து கட்டைவிரலால் தட்டி, திரும்பப் படிக்காமல் அனுப்பிவிட்டு உள்ளே ஓடினாள்.

அம்மாவின் மூச்சு மறுபடி சீரானது. மருத்துவமனையும் பல்கலைக்கழகத்துடையதுதான். சற்று நேரத்தில் நர்சின் சட்டைப்பையில் போன் ஒலித்தது. வெளிர்முடி நர்ஸ் டார்லா அதில் வந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு ரோஷெலின் தோளைத் தொட்டாள். "வெளியில போறப்போ பாத்துப் போ கண்ணு. யாரோ ஒருத்தன் சுத்தறானாம்."

"சரி," என்றாள் ரோஷெல்.

அப்போதுதான், தம்பி காலையில் என்ன உடுத்தியிருந்தான் என்று நினைத்துப் பார்த்தாள். இரவெல்லாம் அந்த நாற்காலியில், சாம்பல் ஹூடியின் தொப்பியை முகம்வரை இழுத்துக்கொண்டு தூங்கினான். மருத்துவமனையில் கார் நிறுத்த இடம் இல்லையென்றால் நூலகத்தின் பக்கம் நிறுத்திவிட்டுத்தான் நடந்து வரவேண்டும்.

கெல்வினை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ப்ரூயட்டை அழைத்தாள். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கதவுவரை போனாள்.

"கெல்வின்?" என்றாள் அம்மா.

"வாசலுக்கு வந்துட்டான்மா," என்று சொல்லித் திரும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாஸ்டர் வந்தார். சித்தி தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அக்காவின் தலையில் சுற்றினாள். எர்லீன் அதைத் தடவிப் பார்த்து, "இது என்னோடது இல்ல," என்றாள். பிறகு பேசவில்லை. ஜெபம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தபிறகுதான் பாஸ்டருக்கே தெரிந்தது.

கெல்வின் வந்தபோது முழங்கால் இரண்டிலும் ஈரமண் அப்பியிருந்தது. நெஞ்சோடு ஒரு பையை அணைத்திருந்தான். சித்தி அவன் மார்பில் குத்தினாள். "எங்கடா போன? எங்கடா போன நீ?"

அவன் கட்டிலையே பார்த்தான். "போலீஸ் பிடிச்சு புல்தரையில மண்டி போட வச்சுட்டாங்க சித்தி. பையில விக்கைப் பார்த்ததும் இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டாங்க. மாறுவேஷம் போட வச்சிருக்கேனாம். எங்கம்மாவோட முடி சார்னேன். ஒருத்தன் சிரிச்சான்." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "போன் அடிச்சிட்டே இருந்துது. தலையிலேர்ந்து கையை எடுக்க விடல."

"உன்னை எதுக்குடா?"

"ஏதோ மெசேஜ் வந்துதாம். கறுப்பு ஆளு, சாம்பல் ஹூடின்னு. போற வர்ற பசங்க எல்லாம் போனைப் பார்க்கறாங்க, என்னைப் பார்க்கறாங்க."

சித்தி ரோஷெலின் பக்கம் திரும்பினாள். "உங்க ஆபீஸ்தானே? எழுதினவ யாருன்னு கேளு. அவளை நான் பார்க்கணும்."

பாஸ்டரும் பார்த்தார். டார்லாவும் பார்த்தாள்.

"கேக்கறேன் சித்தி," என்றாள் ரோஷெல்.

கெல்வின் விக்கில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அம்மாவுக்கு அணிவித்தான். சற்றுக் கோணலாக உட்கார்ந்ததைச் சித்தி சரிசெய்தாள். ரோஷெலின் போன் மறுபடி அதிர்ந்தது.

"அந்த ஜன்னல்காரர் இப்போ சரியாத் தெரியலைங்கறார்," என்றார் ப்ரூயட். "அடையாளத்தை எடுத்துட்டு இன்னொண்ணு அனுப்பிடு. ஒரு பையனை நிறுத்தி விசாரிச்சோம், விட்டாச்சு. பிரச்சினை ஒண்ணும் இல்ல."

அது என் தம்பி என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் அடுத்து தம்பியிடம் எதைச் சொல்லவேண்டியிருக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு?" என்றாள்.

"அவங்கம்மா கிளம்பி வந்துட்டிருக்காங்க."

இரண்டாவது செய்தியை ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்து எழுதி, இருமுறை படித்து அனுப்பினாள். அதில் ஒரு குறையும் இல்லை.

வராந்தாவின் கோடியில் கைகழுவும் தொட்டியருகே கெல்வின் நின்றிருந்தான். குழாயைத் திறந்துவிட்டு, குனிந்து, ஈரக் கையால் முழங்கால் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்க்கத் தேய்க்கக் கறை பரவியது.

"கெல்வின்."

"ம்."

"அதை எழுதினது நான்தான்."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கை நின்றது. அவளைப் பார்க்கவில்லை. பிறகு மறுபடி தேய்க்கத் தொடங்கினான், முன்னைவிட மெதுவாக.

ரோஷெல் காகிதத் துண்டுகளை உருவி நனைத்துக்கொண்டு அவன் முன்னால் மண்டியிட்டாள். முழங்காலில் வைத்துத் துடைத்தாள். அவன் காலை நகர்த்திக்கொள்ளவில்லை.

"எந்திரிக்கா," என்றான். "ஆளுங்க பார்க்கறாங்க."

அவள் எழவில்லை. எதிரே பூங்கொத்தோடு வந்த ஒரு தம்பதி வேகத்தைக் குறைத்தார்கள். பெண் கெல்வினின் ஹூடியைப் பார்த்துக் கைப்பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். இருவரும் அந்தப் பக்கச் சுவரை ஒட்டி நடந்து அவர்களைக் கடந்து போனார்கள்.