மடிக்கொடியும் மணல் வாளியும்

மராத்தி பேசும் ஏரவாடாவில் பன்னிரண்டு குடித்தனங்கள் இருந்த அந்த மரமாடிக் கட்டிடத்துக்குச் சந்திரமௌலிதான் செக்ரெட்டரி. ராணுவக் கணக்கு ஆபீஸ் குமாஸ்தா. சட்டம் எழுதச் சொன்னால் சாப்பாடே வேண்டாம் அவருக்கு. அறுபத்திரண்டாம் வருஷம் பக்ரீத் முடிந்த மறுநாள் மாடிப்படியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். வராந்தாவில் கரியடுப்பு மூட்டக்கூடாது. இறைச்சியோ மக்காச்சோளமோ, எதைச் சுட்டாலும் கீழே முற்றத்தில், மரப்படிக்குப் பத்தடி தள்ளித்தான். அடுப்பு உள்ள ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வாளி மணல் இருக்கவேண்டும்.

சட்டத்தில் குற்றமில்லை. அவர் மனைவி விசாலாக்ஷிக்கே அது வேண்டியிருந்தது. போன மார்கழியில் அவள் புடவைத் தலைப்பு கும்முட்டிக் கரியடுப்பில் பட்டுக் கருகியதிலிருந்து, கரி மூட்டும்போதெல்லாம் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள். ஆனால் மனுஷர் நெருப்புக்குப் பயந்து எழுதவில்லை. எதிர்வீட்டுப் பாத்திரக்கடை கவுஸ் வீட்டில் கபாப் சுட்ட வாசனைதான் அவரை எழுத வைத்தது.

நம் கும்முட்டியையும் கீழே கொண்டுபோய்விடலாமே என்று கேட்டாள். மடிச் சமையலை நாலு ஜாதியும் நடக்கிற முற்றத்திலா என்று சீறினார். ஊருக்குத்தான் உபதேசம். கும்முட்டி வராந்தாவிலேயே இருந்தது, அதுவும் மடிப்புடவை உலர்த்தும் கொடிக்கு நேர் கீழே. யார் கையும் படாத மூலை அது ஒன்றுதானாம்.

கவுஸின் மனைவி ரஹ்மத்துன்னிசா தன் அடுப்பைத் தினமும் இரண்டு மாடி இறக்கி ஏற்றினாள். அவள் வாசலில் மணல் வாளி இருந்தது. செக்ரெட்டரி வாசலில் கோலம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விசாலாக்ஷி கொத்சுக்குக் கத்திரிக்காய் சுட்டுக்கொண்டிருந்தாள். காற்று ஒரு வீசு வீசியது. கொடியிலிருந்த ஒன்பது கஜமும் சரிந்து தணலில் விழுந்தது. குப்பென்று எழுந்த நெருப்பு வராந்தாவின் மரக்கைப்பிடியைப் பிடித்தது. வெறுங்கையால் புடவையை இழுத்தவளுக்கு உள்ளங்கை வெந்தது. ரஹ்மத்துன்னிசா ஓடிவந்து வாளி மணலை அப்படியே கொட்டி, மிச்சத்தைக் காலால் மிதித்து அணைத்தாள்.

அப்புறம்தான் பூஜையிலிருந்து சந்திரமௌலி வந்தார். கரிந்த கைப்பிடியைப் பார்த்தார். கொடியில் மிச்சமிருந்த தன் வேஷ்டியைப் பார்த்தார். மனைவியின் கையைப் பார்க்கவில்லை.

"அவ கொடியைத் தொட்டுட்டாளா?" என்றார்.

ரஹ்மத்துன்னிசாவுக்கும் தமிழ்தானே தாய்மொழி. காலி வாளியோடு தலைகுனிந்து நின்றாள்.

பதினாறு வருஷமாக அவர் சாப்பிட்டு எழுந்த இலையிலேயே சாப்பிட்டவள் விசாலாக்ஷி. அது எச்சில் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் பட்டது. சீ என்று இருந்தது.

"ரஹ்மத், இந்தக் கும்முட்டிக்கு ஒரு கை பிடிம்மா. என் கை எரியறது."

ரஹ்மத்துன்னிசா கோணித்துணியைச் சுற்றி ஒரு பக்கம் பிடித்தாள். இருவருமாக இறக்கினார்கள். பாதிப் படியில் நின்று விசாலாக்ஷி மேலே பார்த்தாள்.

"கொத்சு வேணும்னா முற்றத்துக்கு வாங்கோ. பத்தடி தள்ளித்தான் வெக்கறேன்."