உள்ளே போனவள்

தொழிலாளர் தினத்துக்குச் சம்பளத்தோடு லீவு வாங்கிக் கொடுத்தவள் பெரியவள். அந்த லீவை ஒரு வருஷம்கூட எடுத்துக்கொள்ளாதவள் சின்னவள். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே சலவை ஆலையில் வேலை பார்த்தவர்கள். முப்பது வருஷத்துக்கு மேலாக ஒருத்திக்கொருத்தி பேச்சு வார்த்தை கிடையாது. நீரடித்து நீர் விலகாது என்று சொல்லிவைத்த புண்ணியவான் இந்த இரண்டு பேரையும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அந்த ஆலையில் துவைப்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரித் துணி. கொடி ஏற்றுகிறார்கள் என்பதற்காக நோயாளி படுக்கையை நனைக்காமல் இருப்பானா? அதனால் எல்லாருக்கும் லீவு என்றாலும் ஒரு ஆள் உள்ளே இருந்து மெஷின் ஓட்டியாக வேண்டும். அந்த ஆள் யார் என்பதில் ஆலையில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. சூப்பர்வைசர் பையன் ஒப்புக்குக் கேட்பான்.

"சின்னம்மா, உங்களுக்கே போட்டுடவா?"

"போடு. இல்லேன்னா உன் மாமியாரை வரச் சொல்லு."

இரட்டைக் கூலிக்கு அலைகிறாள் என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். கல்யாணம் காட்சி இல்லாத தனிக்கட்டை, யாருக்குச் சேர்த்து வைக்கிறாளோ என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பேசட்டும் என்று விட்டுவிட்டாள். நிஜமான காரணத்தைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதற்குக் காசாசை பிடித்தவள் என்ற பேரே மேல்.

காரணம் இதுதான். ஒவ்வொரு தொழிலாளர் தினத்துக்கும் ஆலை வாசலில் கூட்டம் நடக்கும். பெரியவள் பேசுவாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவள்தான் பேசுவாள். ஒலிபெருக்கியைத் தெருவிளக்குக் கம்பத்தில் கட்டுவார்கள். துவைக்கும் கூடத்து ஜன்னலைத் திறந்துவைத்தால் ஒரு வார்த்தை பாக்கி இல்லாமல் உள்ளே வந்து விழும். அந்தப் பேச்சின் நடுவில் ஒரு இடத்தில் பெரியவள் தங்கையைத் திட்டுவாள். வருஷத்தில் அந்த ஒரு நாள், அந்த ஒரு இடம். அக்கா வாயில் தன் பேச்சு வருவது அப்போது மட்டும்தான் என்பதால் சின்னவள் அதைக் கேட்கத்தான் டூட்டி எடுத்தாள்.

நடந்தது என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஸ்டிரைக் திடீரென்று வெடித்தது. மத்தியான ஷிப்டில், வேலைக்கு நடுவில், பெரியவள் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று, "கையை எடுங்க எல்லாரும்!" என்று கத்தினாள். எல்லாரும் போட்டது போட்டபடி வெளியே வந்துவிட்டார்கள். பெரியவளும்தான். ஆனால் அவளுடைய மெஷினில் ஆஸ்பத்திரி விரிப்புகள் காட்டமான பிளீச்சிங் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் எடுத்து அலச வேண்டிய துணி. மறுநாளும் அப்படியே கிடந்தால் நூல் நூலாக வந்துவிடும். அது யார் மெஷின் என்று ஆலைக்கே தெரியும். ஆலைச் சொத்தை வேண்டுமென்றே நாசம் செய்தாள் என்று தலைவியைப் போலீசில் பிடித்துக் கொடுக்க மேனேஜருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

சின்னவளுக்கு இது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அக்காவிடம் சொல்லலாமென்றால் அக்காவைச் சுற்றி ஆள்மேல் ஆள். விடிந்ததும் ஒருத்தருக்கும் தெரியாமல் பின்கதவு வழியாக உள்ளே போனாள், அலசினாள், பிழிந்தாள், உலர்த்தினாள். மேனேஜர் பார்த்துக்கொண்டே இருந்தான், தடுக்கவில்லை. வேலை முடிந்ததும் பின்கதவைப் பூட்டிவிட்டு, "முன் கேட் வழியா போம்மா" என்று மரியாதையாகச் சொன்னான். படுபாவி.

முன் கேட்டில் கூட்டம் முழுக்க நின்றது. ஈரக் கையோடு வெளியே வந்த தங்கையைப் பெரியவள் பார்த்தாள். தங்கையின் முதுகுக்குப் பின்னால் மேனேஜர் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் காதுபட எப்படிச் சொல்வது, "உன் துணிதான்க்கா" என்று? அதுவே அக்காவுக்கு எதிரான சாட்சியாகிவிடுமே. பெரியவள் ஒன்றும் கேட்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "இனிமே இவ எனக்குத் தங்கச்சி இல்ல" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

அதைப் பார்த்து மறுநாள் இன்னும் நாலு பேர் வேலைக்கு உள்ளே போனார்கள். ஸ்டிரைக் இழுத்துக்கொண்டு போனது. ஆனாலும் ஜெயித்தார்கள். எட்டு மணி நேர வேலை வந்தது, தொழிலாளர் தின லீவு வந்தது. பெரியவள் இரண்டு பேரும் இருந்த அறையிலிருந்து தன் துணிமணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சின்னவளுக்கும் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான். கூடப் பிறந்தவள், ஒரே தட்டில் சாப்பிட்டவள், "ஏன்டி போனே?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே. கேட்கட்டும், சொல்கிறேன். கேட்காதவளிடம் போய் நானாக எதற்குச் சொல்ல வேண்டும்? இப்படி ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று போய், இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட, அக்கா வந்து நிற்காத கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று தட்டிக் கழித்தாள். அவள் ஆசைப்பட்டதெல்லாம் அந்த ஒரு கேள்விதான்.

இந்த வருஷமும் சின்னவள் நேரத்தோடு வந்து ஜன்னலைத் திறந்தாள். ரப்பர் ஏப்ரனுக்கு உள்ளே பெட்டி போட்ட புடவை. யார் பார்க்கப் போகிறார்கள்? இருந்தாலும் அக்கா பேசுகிற நாளாயிற்றே. காலியான கூடத்தில் ஒரு மெஷின் மட்டும் ஓடுகிற சத்தம் இருக்கிறதே, அது வீட்டில் ஒற்றை ஆளுக்குச் சமைக்கிற சத்தம் மாதிரிதான்.

வெளியே மைக் கரகரத்தது. பெரியவள் குரல் வந்தது. போன வருஷத்தைவிட மெலிந்திருந்தது.

"எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், எட்டு மணி நேரம் நமக்கு. இதைக் கேட்டதுக்குத்தான் கடல் தாண்டி எங்கேயோ நம்மளை மாதிரி ஆளுங்களைச் சுட்டாங்க, தூக்குல போட்டாங்க. அவங்க பேரு நம்ம வாயில நுழையாது. ஆனா அவங்க கேட்டது நமக்கு நல்லாப் புரியும்."

"முத எட்டு சரி," என்றாள் சின்னவள், விரிப்பை உதறியபடி. "ரெண்டாவது எட்டுல பாதிதான் தூக்கம் வருது. மூணாவது எட்டை வச்சுக்கிட்டு ஒத்தையா நான் என்ன பண்றதுன்னு அதையும் சொல்லேன்."

வருஷா வருஷம் இப்படித்தான். அக்கா வெளியிலிருந்து பேசுவாள், இவள் உள்ளேயிருந்து பதில் சொல்வாள். ஒரு சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும் அல்லவா? இவர்களுக்கு நடுவில் ஒரு சுவர் இருந்தது, அவ்வளவுதான்.

"இந்த லீவு நமக்கு யாரும் தானமாக் குடுக்கல. இந்த வாசல்ல பட்டினி கிடந்து வாங்கினோம். கைக்குழந்தையோட நின்ன பொம்பளைங்க வாங்கிக் குடுத்தது இது."

அடுத்தது தான்தான் என்று சின்னவளுக்குத் தெரியும். பிழியும் மெஷினை நிறுத்தினாள். 'வெளிய இருந்த எதிரியை ஜெயிச்சுட்டோம். உள்ள போனது யாரு தெரியுமா? என் கூடப் பிறந்தவ!' என்று ஆரம்பிப்பாள். அதற்கு இவள், 'உன் துணியை அலசத்தான் போனேன், தாயே!' என்பாள். ஜன்னல் பக்கம் நகர்ந்து நின்றாள்.

"கடைசியில ஜெயிச்சோம்," என்றது ஒலிபெருக்கி. "அதனால இந்த நாளை வீணாக்காதீங்க. பிள்ளைகுட்டிகளோட இருங்க. நன்றி."

கொஞ்சம் கைதட்டல். பிறகு இந்த வருஷம் புதிதாக வந்த செயலாளர் மைக்கை வாங்கிக்கொண்டு டீ இருக்கிறது, யாரும் போய்விடாதீர்கள் என்றான்.

சின்னவள் அப்படியே நின்றாள். மறந்திருப்பாள், ஞாபகம் வந்ததும் மறுபடி மைக்கை வாங்குவாள் என்று பார்த்தாள். வாங்கவில்லை. திட்டாததற்கு ஒருத்திக்கு இப்படியும் வலிக்குமா என்றால் வலித்தது. மெஷினை அணைத்தாள். ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக முன் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

பெரியவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். எத்தனை சுருங்கிவிட்டாள்! மைக்கில் கேட்ட குரலுக்கும் இந்த உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. சின்னவள் ஆட்டோவின் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்.

"என்னை ஏன் சொல்லல?" என்றாள் சின்னவள்.

பெரியவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கேட்டுட்டா இருந்தே?"

"எப்பவும் கேக்கறேன். இந்த வருஷம் ஏன் சொல்லல?"

"இதான் கடைசி. இனிமே என்னால வர முடியாது, மூச்சு வாங்குது. கடைசித் தடவையா உன்னைத் திட்டிட்டுப் போக மனசு வரல. விட்டுட்டேன்."

"என்னைத்தான் விடணுமா?"

"நல்லதுதானேடி? இனிமே உன்னை யாரும் துரோகின்னு சொல்லமாட்டாங்க."

"யாரு சொன்னாங்க? இதோ இங்க நிக்குதே பிள்ளைங்க, இதுங்களுக்கு நான்தான் அந்தத் தங்கச்சின்னு தெரியாது, ஸ்டிரைக்கைப் பாத்ததும் இல்ல. நீ ஒருத்திதான் சொல்லிட்டு இருந்தே. அதைக் கேக்கத்தான் வருஷா வருஷம் டூட்டி எடுத்தேன். எனக்கு வேற யாருதான்க்கா இருக்கா?"

செயலாளர் டீக் கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தான்.

"யாரும்மா இவங்க?"

"இவதான்பா உள்ள போனவ."

"எங்க உள்ள?"

அவன் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். அன்றைக்கு இந்த வாசலில் நின்றவர்களில் மிச்சம் இனி இந்த இரண்டு பேர்தான். செயலாளர் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். பெரியவள் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

"ஏன்டி போனே?" என்றாள்.

கேட்டேவிட்டாள். சின்னவளிடம் பதில் இல்லாமலா? கோபமாக ஒன்று, அழுதுகொண்டே ஒன்று, நறுக்கென்று நாலு வார்த்தையில் ஒன்று என்று எத்தனை பதில்களை அந்த மெஷின்களிடம் சொல்லிப் பார்த்திருப்பாள். உன் துணிதான்க்கா. நீ ஊறப்போட்டுட்டு மறந்துட்டுப் போன துணி. நாக்கின் நுனி வரை வந்துவிட்டது.

அக்காவின் கையைப் பார்த்தாள். பிளீச்சிங் தின்ற விரல்கள், நகமே சரியாக இல்லாத விரல்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த ஸ்டிரைக்கை விட்டால் இவளுக்கும் வேறு என்ன இருக்கிறது? இதைச் சொன்னால் வீட்டுக்குப் போய் எப்படித் தூங்குவாள்? முப்பது வருஷம் மைக்கில் சொன்னதைத் திருப்பி வாங்க இன்னொரு மேடைக்கு எங்கே போவாள்?

"புத்தி கெட்டுப் போச்சுக்கா," என்றாள் சின்னவள்.

பெரியவள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே மன்னிச்சிருப்பேனேடி, பைத்தியக்காரி."

"தெரியலையேக்கா."

"சரி போ. சின்ன வயசு." பெரியவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெரிய பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டாள். "ஒரு நாள் வீட்டுக்கு வா."

எந்த நாள் என்று அவள் சொல்லவில்லை. வீடு எங்கே என்றும் சொல்லவில்லை, தங்கைக்குத் தெரியும் என்று நினைத்திருப்பாள். ஆட்டோக்காரன் வண்டியை எடுத்தான்.

"வர்றேன்க்கா," என்றாள் சின்னவள். ஆட்டோ அதற்குள் முக்கு திரும்பிவிட்டது.

மைக் செட்காரன் கம்பத்தில் ஏறி ஒலிபெருக்கியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். டீ குடித்தவர்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். லீவு நாளாயிற்றே, அவரவர் பிள்ளைகுட்டிகள் காத்திருப்பார்கள். சின்னவளுக்கு அழுகை வந்தது, துடைத்துக்கொள்ளாமல் அழுதாள். இத்தனை வருஷமாக அந்த ஒரு கேள்விக்குக் காத்துக்கொண்டிருந்தாள். இனி எதற்குக் காத்திருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.